பழைய வேனும் ஒட்டகத்தின் பாதமும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

 

கொடுக்கல் வாங்கல் குறித்து இவ்வாண்டு உரையாற்ற வேண்டுமென்று செயலாளர் அவர்கள் கேட்டுக் கொண்டார்கள். வழக்கமாக இத்தகைய தலைப்புக்குக் கிதாபுகளைப் புரட்டித் தயார் செய்து கொள்வோம். இம்முறை ஒரு பழைய வேனைப் பற்றிப் பேசப் போகிறோம். பொதுக்குழுவில் இமாம் வேன் வியாபாரம் பேசுகிறாரே என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். அந்த வேன் விற்கப்பட்டது நமது அறையில்; ஒப்பந்தத் தாளில் முதல் சாட்சியாகக் கையொப்பமிட்டிருப்பதும் நாமே. ஆகவே இது பிறரைப் பற்றிய பேச்சு மட்டுமன்று.

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர், பெயர் வேண்டாம், பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள உயர்ந்த கட்டடங்களில் கயிற்றில் தொங்கியபடி கண்ணாடி துடைக்கும் வேலையை எட்டாண்டுகள் செய்து வந்தவர். 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்ட காலத்தில் சுவர் முழுதும் கண்ணாடி பதித்த கட்டடம் நம் பகுதி மக்களுக்கு ஒரு வேடிக்கைப் பொருளாயிருந்தது. இன்றோ குரோம்பேட்டையின் துணிக்கடை, சேலையூரின் ஸ்கேன் மையம், மேடவாக்கத்தின் பல் மருத்துவமனை, கேம்ப் ரோட்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு என எங்கு நோக்கினும் கண்ணாடிதான். ஜி.எஸ்.டி. சாலையின் புழுதி அவற்றில் படியாத நாளில்லை. பெரிய கட்டடங்களுக்குப் பெரிய ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று மாடிக் கட்டடங்களை மாதம் இருமுறை ஒழுங்காக வந்து துடைத்துக் கொடுக்கத்தான் ஆளில்லை. இதனைக் கண்டுகொண்ட அந்தத் தம்பி, பிறரிடம் கூலிக்குத் தொங்குவதை விட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்க எண்ணினார். அதற்கு ஒரு வேன் வேண்டும் என்று 2024ஆம் ஆண்டு ரமளானில் நம்மிடம் வந்து சொன்னார்.

ஒரு வாளியும் துணியும் போதாதா, வேன் எதற்கு என்றுதான் நாமும் கேட்டோம். அவர் சொன்ன விளக்கம் நம்மை வியக்க வைத்தது. "ஹஜ்ரத், நம் ஏரியாவின் போர் தண்ணீரில் கண்ணாடியைக் கழுவினால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளி நிற்கும். உப்பு நீக்கிய தண்ணீரை நாமே கொண்டு போக வேண்டும். அந்தத் தண்ணீரை நீளமான குழாய்க் கம்பின் நுனியிலுள்ள பிரஷ் வழியே மேலே செலுத்தினால், ஏணி வைக்காமலே இரண்டாம் மாடிக் கண்ணாடியைத் தரையில் நின்று கழுவலாம், துடைக்கவும் வேண்டியதில்லை, தானே தெளிவாகக் காயும்" என்றார். கயிற்றில் தொங்கிய பிள்ளை தரையில் நின்று வேலை செய்ய விரும்புகிறார் என்பதே நமக்குப் போதுமானதாயிருந்தது. அவருடைய தாயார் எட்டாண்டுகளாக அவர் வீடு திரும்பும் வரை வாசலைப் பார்த்துக் கொண்டிருந்தவர் என்பதை நாம் அறிவோம்.

பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடனாக ஒன்றரை இலட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. மீதிக்கு அவருடைய மனைவியின் நகை. ஷவ்வால் மாதத்தில் ஏழாண்டுப் பழைய சிறிய வேன் ஒன்றை இரண்டு இலட்சத்து அறுபதாயிரம் ரூபாய்க்கு வாங்கினார். விற்றவரும் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவரே. நம் பின்னே தொழுபவர். இருவரும் நமது அறைக்கு வந்தார்கள். புதிதாகச் சாயம் பூசிய வண்டி வாசலில் பளபளத்துக் கொண்டு நின்றது. நாம் துஆ ஓதினோம். பேரீத்தம்பழம் வழங்கப்பட்டது. கையொப்பமிட்டோம். அந்த அரை மணி நேரத்தில் நாம் அந்த வண்டியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பதை இன்று உங்கள் முன்னிலையில் ஒப்புக் கொள்கிறோம். ஒரு நிகாஹ் என்றால் மஹர் எவ்வளவு, வலீ யார், ஜமாஅத்தின் கடிதம் எங்கே என்று பத்து கேள்வி கேட்கிற நாம், ஒரு குடும்பத்தின் முழுச் சேமிப்பும் கைமாறுகிற இடத்தில் துஆவோடு நிறுத்திக் கொண்டோம்.

நான்கு மாதம் வேன் நன்றாகவே ஓடியது. ஐந்தாம் மாதம் ஒரு காலை, நிறைந்த தண்ணீர்த் தொட்டியுடன் பல்லாவரம்-துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் செல்கையில் ஸ்டீயரிங்குக்குக் கீழிருந்து புகை கிளம்பி வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த வாகனங்கள் விலகிச் சென்றதால் உயிருக்கு ஆபத்தில்லை, அல்ஹம்துலில்லாஹ். மின்கம்பித் தொகுப்பு முழுவதும் உள்ளே பச்சை பூத்து அரித்திருந்தது. இருக்கைகளைக் கழற்றித் தரை விரிப்பைத் தூக்கிய மெக்கானிக், அடியிலிருந்து ஒரு கைப்பிடி உலர்ந்த வண்டலை அள்ளிக் காட்டினார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர் பக்கம் தேங்கிய வெள்ளத்தில் அந்த வேன் இரண்டு நாள் இருக்கை மட்டத்திற்கு மூழ்கி நின்றிருக்கிறது. பழுது பார்க்க முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும். அதன் பிறகும் எப்போது எது நிற்கும் என்று சொல்ல இயலாது. வண்டி பட்டறையில் கிடந்த மூன்று வாரத்தில் இரண்டு மருத்துவமனைகளின் மாதாந்திர வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

இவ்வளவும் தெரிய வந்த பிறகுதான் நம் நெஞ்சை உறுத்திய செய்தி காதுக்கு எட்டியது. வெள்ளத்தில் நின்ற வண்டி அது என்பது நம் மஹல்லாவில் குறைந்தது மூவருக்குத் தெரியும். ஒருவர் விற்றவரின் அடுத்த வீட்டுக்காரர். ஒருவர் அதனைக் கழுவிச் சுத்தம் செய்து கொடுத்தவர். ஒருவர் விற்பனை நடந்த அன்று பேரீத்தம்பழத் தட்டை ஏந்தி நின்றவர். மூவரும் நல்லவர்கள், தொழுகையாளிகள். ஏன் சொல்லவில்லை என்று தனித்தனியே கேட்டோம். ஒருவர், "இன்னொருத்தர் வியாபாரத்தை நாம் ஏன் கெடுக்க வேண்டும் ஹஜ்ரத்?" என்றார். மற்றவர், "புறம் பேசக் கூடாது என்று நீங்கள்தானே பயானில் சொல்கிறீர்கள்?" என்றார். மூன்றாமவர் ஒன்றும் பேசவில்லை.

இரண்டாவதாகச் சொல்லப்பட்ட மறுமொழி நம்மை ஓர் இரவு தூங்க விடவில்லை. புறம் பேசுதல் பற்றி ஆண்டுதோறும் பயான் செய்கிறோம். அதில் விலக்களிக்கப்பட்ட இடங்கள் உண்டு என்பதை எத்தனை முறை சொன்னோம்? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் அத்தகைய ஆறு இடங்களை வகுத்துச் சொல்கிறார்கள். மக்களை எச்சரிப்பதும் ஆலோசனை கூறுவதும் அவற்றில் அடங்கும். குறையுள்ள பொருளை ஒருவர் அறியாமல் வாங்குவதைக் கண்டால் வாங்குபவருக்கு அதனை அறிவிக்க வேண்டும் என்பதும் அங்கேயே கூறப்படுகிறது. இதனைச் சொல்லாமல் விட்ட பொறுப்பு மிம்பரில் நிற்கிறவருக்குரியது.

வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) என்ற நபித்தோழரின் நிகழ்ச்சி ஒன்றை இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் எடுத்தெழுதுகிறார்கள். ஒருவர் முந்நூறு திர்ஹத்துக்கு ஓர் ஒட்டகத்தை விற்றார். அருகில் நின்ற வாஸிலா (ரலி) அவர்களின் கவனம் வேறு பக்கம் இருந்தது. வாங்கியவர் ஒட்டகத்தைப் பிடித்துக் கொண்டு சென்றுவிட்டார். அப்போதுதான் கவனித்த வாஸிலா (ரலி) அவர்கள் உரத்துக் கூவியபடி அவர் பின்னே ஓடினார்கள். ஓடிப் பிடித்து அவர்கள் கேட்ட முதல் கேள்வி: இதனை இறைச்சிக்காக வாங்கினீரா, பயணத்துக்காக வாங்கினீரா? பயணத்துக்காக என்றார் அவர். அப்படியானால் இதன் பாதத்தில் ஓட்டை இருப்பதைப் பார்த்திருக்கிறேன், தொடர்ந்து நடக்க இதனால் இயலாது என்று அறிவித்தார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் நூறு திர்ஹம் குறைத்துக் கொள்ள நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் மனக்கசப்புற்றார். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் நாங்கள் உறுதிமொழி அளித்திருக்கிறோம் என்பதே வாஸிலா (ரலி) அவர்களின் மறுமொழி.

அவர் விற்றவருமல்லர், வாங்கியவருமல்லர், தரகருமல்லர். பக்கத்தில் நின்றவர். நம் மஹல்லாவின் மூவரும் அங்கேதான் நின்றார்கள். கையொப்பமிட்ட நாமும் அங்கேதான் நின்றோம்.

அந்தக் கேள்வியையும் சற்று எண்ணிப் பாருங்கள். இறைச்சிக்கு என்றால் பாதத்தின் ஓட்டை ஒரு குறையே அன்று. எந்த வேலைக்கு வாங்குகிறோமோ அதைக் கொண்டே குறை அளக்கப்படுகிறது. உள்ளூரில் காய்கறி ஏற்ற ஒரு வண்டி போதுமானதாயிருக்கலாம்; கண்ணாடி கழுவும் தொழிலுக்கு அதே வண்டி உதவாது போகலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நானூறு லிட்டர்த் தொட்டி என்றால் நானூறு கிலோ. தொட்டியின் எடை, பம்பு, பேட்டரி, ஏணி, இரண்டு ஆட்கள் எல்லாம் அதற்கு மேல். வண்டியின் மொத்த அனுமதி எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பதே நாம் ஏற்றக்கூடிய சுமை. இரண்டு எண்களும் ஆவணத்தில் உண்டு. பார்ப்பவர்கள்தான் குறைவு. பாதி நிறைந்த தொட்டியின் தண்ணீர் பிரேக் அடிக்கும்போது முன்னே பாய்ந்து வண்டியை ஒரு பக்கம் இழுக்கும் என்பதால், தொட்டி தாழ்வாகவும், முன்னிருக்கைக்குப் பின்னே நெருக்கமாகவும், உள்ளே தடுப்புகளோடும், சட்டத்தில் இறுக்கிப் பிணைக்கப்பட்டும் இருத்தல் வேண்டும். தினமும் தண்ணீர் சிந்தும் தொழில் இது. ஏற்கெனவே துருப்பிடித்த தரை ஓராண்டு தாங்காது. பாதத்தில் ஓட்டையுள்ள ஒட்டகம் என்பது இத்தொழிலைப் பொறுத்தவரை துருப்பிடித்த தரையுள்ள வேன்தான்.

எந்த வேன் என்று நம்மிடம் கேட்காதீர்கள். அது நம் துறையன்று. ஆயினும் அந்த நிகழ்ச்சிக்குப் பின் ஓட்டுநர்களிடமும் மெக்கானிக்குகளிடமும் கேட்டறிந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். மாருதி ஆம்னி 2019இல் உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டது. மலிவாகக் கிடைக்கும், சந்துகளில் புகும். ஆனால் கிடைப்பவை எல்லாம் வயதானவை. 2010இல் வந்த ஈக்கோ மூடிய உடல் கொண்டது. கருவிகளைப் பூட்டி வைக்கலாம். 2005இல் வந்த டாடா ஏஸ் சுமை தாங்கும், ஆனால் திறந்த பின்புறத்திற்கு மூடி கட்ட வேண்டும். எரிவாயுவில் ஓடும் வண்டியாயின் உருளையின் இடமும் எடையும் நம் கணக்கிலிருந்து கழியும். உருளைக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைச் சான்று வேண்டும். பயணிகள் இருக்கையோடு சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான வேனின் பின்னிருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொட்டி வைப்பதை நம் பிள்ளைகள் சாதாரணமாகக் கருதுகிறார்கள். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கைவைப்பது இவ்விடத்தில்தான்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை அறிவது எப்படி? தாம்பரத்தைச் சுற்றி வாழும் நாம் இதனைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது எத்தனை வாகனங்கள் நீரில் நின்றன என்பதைக் கண்ணால் கண்டோம். 2023இல் மீண்டும் கண்டோம். அவற்றுள் பல கழுவப்பட்டு, சாயம் பூசப்பட்டு, வேறு ஊர் சென்று, மறுபடி இங்கேயே வந்து விலை பேசப்படுகின்றன. மெக்கானிக் சகோதரர் நமக்குக் கற்றுத் தந்தது இது: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சுத்தம் செய்பவர் கை அங்கே எட்டுவதில்லை, சேற்றுக் கோடு நிற்கும். இருக்கையைத் தாங்கும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னிக்கு அடியில் வண்டல், முகப்பு விளக்கினுள் நீர்ப்படலம், கண்ணாடிகளை மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் எழும் பூஞ்சை வாடை. எஞ்சின் எண்ணெயோ கியர் பெட்டி எண்ணெயோ பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. மின்கம்பி இணைப்பு ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் செம்பு பச்சை பூத்திருக்கும். நீர் புகுந்த எஞ்சினை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்திருந்தால், அழுத்த முடியாத நீர் சிலிண்டருக்குள் சிக்கிக் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். அந்த ஓசையைப் பழகிய காது அறியும். புதுச் சாயம் பூசிய பழைய வண்டியைக் கண்டால் மகிழாதீர்கள், ஏன் பூசினீர்கள் என்று கேளுங்கள் என்றார். அன்று நம் வாசலில் பளபளத்த அந்தச் சாயம் நினைவுக்கு வந்தது.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, அடியில் ஈரத்தைக் கண்டு, மழையில் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வியாபாரியைக் கண்டித்த ஹதீஸை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். வண்டலை அள்ளிக் காட்டிய மெக்கானிக்கின் கையைப் பார்த்தபோது, அந்த ஹதீஸை இருபது ஆண்டுகளாக ஓதியும் அன்று நம் கையை உள்ளே நுழைக்கவில்லையே என்று நாணினோம்.

ஆவணங்களைப் பற்றிச் சில வார்த்தைகள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளவும், வணிகத்தில் சாட்சி வைத்துக் கொள்ளவும் கட்டளையிடும் நீண்ட வசனம் சூரத்துல் பகராவில் உள்ளது. நம்மவர்கள் எழுதாமலிருப்பதைத் தவக்குல் என்று நினைக்கிறார்கள். பழைய வாகனம் விற்றால் விற்றவர் மாநிலத்துக்குள் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டத்தின் 50ஆம் பிரிவு. படிவம் 29, படிவம் 30 என்பவை அதற்குரியவை. ஃபைனான்ஸில் வாங்கிய வண்டியாயின் படிவம் 35உம் கடன் தீர்ந்த கடிதமும் இன்றி அடமானக் குறிப்பு நீங்காது. அந்தக் கடனை அறியாமல் வாங்கியவரிடமிருந்து வண்டியைத் தூக்கிச் சென்ற நிகழ்வுகள் உண்டு. தரகர் சிலர் தேதியிடாத படிவங்களில் விற்பவரின் கையொப்பத்தை மட்டும் வாங்கி வைத்துக் கொண்டு வண்டியைக் கைமாற்றிக் கொண்டே போவார்கள். விற்பவருக்கே இதில் பேராபத்து. பெயர் மாற்றாத வண்டி விபத்துக்குள்ளானால், ஆவணத்தில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கு கை மாறிய பின்னும் முதல் மனிதரின் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

டி.என். 11 என்று தொடங்கும் எண் தாம்பரம் அலுவலகத்துடையது, டி.என். 22 மீனம்பாக்கத்துடையது என்பதெல்லாம் நீங்கள் அறிந்ததே. வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் இட்டால் பதிவு, காப்பீடு, எப்.சி. ஆகியவை எந்நாள் வரை என்பது இன்று கைப்பேசியிலேயே தெரிகிறது. நிலுவை அபராதமும் பார்க்கலாம். சேஸிஸ் எண்ணை வண்டியில் நேரில் ஒப்பிட்டுப் பார்க்கவும். சரக்கு வாகனத்துக்கு எட்டாண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன் பின் ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டும்; ஏழாண்டு வண்டியை வாங்குபவர் அந்தச் செலவையும் விலையில் சேர்த்தே கணக்கிடுவது அறிவுடைமை. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்துக்குப் பெர்மிட் தேவையில்லை. இலகு வாகன ஓட்டுநர் உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரையிலான சரக்கு வாகனத்தையும் ஓட்டலாம் என்பது 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வில் உறுதியாயிற்று. தனி பேட்ஜ் வேண்டுமென்று பணம் கேட்பவரிடம் ஏமாற வேண்டாம்.

முன்பணம் பற்றியும் ஒரு வார்த்தை. வாங்குபவர் பின்வாங்கினால் கொடுத்த அட்வான்ஸை விற்பவர் விழுங்கிக் கொள்வது நம் பகுதியில் சகஜம். ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகி மத்ஹபுகளில் இதற்கு அனுமதியில்லை. ஹன்பலி மத்ஹபில் மட்டுமே இடமுண்டு. நம்மில் எவரும் அந்த மத்ஹபினர் அல்லர், அட்வான்ஸ் விஷயத்தில் மட்டும் அதற்கு மாறிவிடுகிறோம்!

இனி நம் வேனுக்கு வருவோம். விற்ற சகோதரர் ஒரு நாள் பஜ்ருக்குப் பின் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உள்ளது உள்ளபடி என்றுதானே கொடுத்தேன்?" என்றார். குரலில் பிடிவாதம் இருந்தது, ஆனால் கண் தரையைப் பார்த்தது. எல்லாக் குறைகளுக்கும் பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு விற்பது ஹனஃபி மத்ஹபில் செல்லும். ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு மிகக் குறுகிய இடமே உண்டு. அப்படியொரு நிபந்தனை நம் ஒப்பந்தத் தாளில் எழுதப்படவில்லை, வாயாலும் பேசப்படவில்லை. வீட்டிற்குப் போய் மனத்துக்குள் போட்டுக் கொண்ட நிபந்தனை அது. தெரிந்த குறையை மறைப்பதோ எந்த மத்ஹபிலும் பாவம் என்பதை அவரிடம் மென்மையாகவே சொன்னோம். அவருக்கும் கஷ்டம் இருந்தது. வெள்ளத்தில் வீட்டுப் பொருளெல்லாம் போயிருந்தது; வண்டிக்குக் காப்பீட்டில் வெள்ளச் சேதத்துக்கு இடமில்லை, மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே எடுத்திருந்தார். இழந்ததை எங்கேயாவது ஈடுகட்ட வேண்டியிருந்தது. அந்த ஈடு ஓர் ஏழையின் பைத்துல்மால் கடனிலிருந்து வந்துவிட்டது.

பழைய குறை வெளிப்பட்டால் வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்து முழு விலையையும் பெறலாம் என்பது ஃபிக்ஹின் அடிப்படை. ஆனால் இளைஞர் தொட்டி பொருத்துவதற்காகத் தரையில் எட்டுத் துளை போட்டிருந்தார். வாங்கியவர் கையில் புதிய குறை ஏற்பட்டுவிட்டால் விற்றவர் சம்மதமின்றித் திருப்ப இயலாது. அதற்குப் பதிலாகக் குறைக்குரிய ஈடு பெறுவார். அந்த ஈடு எவ்வாறு கணக்கிடப்படும் என்பதைச் சபையோர் அறிவது நல்லது. மஹல்லாவுக்கு வெளியிலிருந்து வாகனம் அறிந்த இருவரை அழைத்தோம். வெள்ளம் படாதிருந்தால் அன்றைய மதிப்பு இரண்டு இலட்சத்து எண்பதாயிரம், வெள்ளம் பட்ட நிலையில் இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம் என்று மதிப்பிட்டார்கள். குறைவு எழுபதாயிரம், அதாவது நான்கில் ஒரு பங்கு. கொடுத்த விலையாகிய இரண்டு இலட்சத்து அறுபதாயிரத்தில் நான்கில் ஒரு பங்கு அறுபத்தைந்தாயிரம். எழுபதாயிரமல்ல, அறுபத்தைந்தாயிரமே உமது உரிமை என்று இளைஞரிடம் சொன்னபோது அவர் முகம் சற்று வாடியது. அளவு என்றால் இரு பக்கமும் அளவுதான்.

விற்றவர் இருபத்தைந்தாயிரத்தை உடனே கொடுத்தார். எஞ்சியதை மாதம் பத்தாயிரமாக நான்கு மாதத்தில் கொடுத்து முடித்தார். முதல் தவணை கொடுத்த ஜும்ஆவில் அவர் வழக்கமான ஸஃபில் இல்லை. கடைசி வரிசையில் நின்றார். அடுத்த வாரம் அந்த இளைஞரே அவரைக் கைப்பிடித்து முன்னால் அழைத்து வந்ததைப் பார்த்தோம். வேன் இப்போது புதிய மின்கம்பித் தொகுப்போடு ஓடுகிறது. தரையில் ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்டுத் தகடு வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. இழந்த இரண்டு மருத்துவமனைகளில் ஒன்று திரும்ப வந்தது, மற்றது வரவில்லை.

இதன் பின்னர் நிர்வாகத்தின் ஒப்புதலோடு ஒரு சிறு ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. பைத்துல்மால் கடனில் வாகனம் வாங்குவோர் பணம் பெறுமுன் அந்த வாகனத்தை ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் கொண்டு வந்து நிறுத்த வேண்டும். மெக்கானிக் சகோதரர் பார்ப்பார். அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. விற்பவர் தாம் அறிந்த குறைகளைத் தம் கையால் அதில் எழுதிக் கையொப்பமிடுவார். வாகனம் நிற்கும் அந்த ஒரு மணி நேரத்தில், அதனைப் பற்றி ஏதேனும் அறிந்தவர்கள் நம்மிடமோ வாங்குபவரிடமோ வந்து சொல்லலாம். அது புறமன்று. இதுவரை மூன்று வாகனங்கள் நின்றன. ஒன்றைப் பற்றி அடுத்த தெருப் பெரியவர் ஒருவர் வந்து சொன்னார். விலை பன்னிரண்டாயிரம் குறைந்தது. விற்றவர் அவரோடு இன்னும் பேசுவதில்லை. வாஸிலா (ரலி) அவர்களோடும் அன்று அந்த மனிதர் முகம் சுளித்தாரே என்று பெரியவருக்கு ஆறுதல் கூறியிருக்கிறோம்.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஆறாவது பொருளாக நமது ஜமாஅத்தின் பழைய ஜனாஸா வேனை விற்பது குறித்த தீர்மானம் உள்ளது. விளம்பரத்தின் வரைவை நேற்று மஃரிபுக்குப் பின் செயலாளர் அவர்கள் நம்மிடம் காட்டினார்கள். நல்ல ஓட்டத்தில் உள்ளது, பராமரிப்பு சிறப்பு என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த வேனும் 2023 டிசம்பரில் பள்ளிவாசலின் பின்புறம் ஒரு பகலும் ஓர் இரவும் நீரில் நின்றது. சக்கரத்துக்கு மேல் நீர் இருந்ததை நாமே பார்த்தோம். அந்த வரியை அடித்துவிட்டு, வெள்ளத்தில் நின்ற நாளையும் நீர் எட்டிய உயரத்தையும் விளம்பரத்தின் முதல் வரியாகச் சேர்க்க வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம். விலை குறையும், புது வேனுக்காகத் திரட்டிய நிதியில் அந்த அளவு துண்டு விழும் என்று பொருளாளர் அவர்கள் கவலைப்படுகிறார்கள். துண்டு விழுவதில் முதல் ஐயாயிரம் நம் சம்பளத்திலிருந்து பிடித்துக் கொள்ளப்படட்டும். தீர்மானத்தை அந்தத் திருத்தத்தோடு வாசிக்குமாறு செயலாளர் அவர்களை வேண்டி அமர்கிறோம்.